ஹெட்டில் ஒரு மில்லிமீட்டர்: என்ஜினுக்குள் கை வைத்தால் மைலேஜ் கூடுமா?

போன மாசி மாதம் அப்பாவின் கார் உடுமலை ரோட்டில் நின்றுவிட்டது. ரேடியேட்டருக்குப் போகும் ஒரு பழைய ஹோஸ் வெடித்து தண்ணீரெல்லாம் போயிருக்கிறது. டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனதை அப்பா கவனிக்கவில்லை. கோயம்புத்தூருக்குக் கட்டி இழுத்து வந்து பார்த்தால், ஹெட் கேஸ்கெட் போய், அலுமினிய ஹெட்டும் லேசாக வளைந்திருந்தது.

"ஹெட்டைக் கழட்டி பேசிங் போடணுமுங்க சார்" என்றார் மெக்கானிக். வளைந்த ஹெட்டின் அடிப்பரப்பை மெஷினில் சீவி மட்டமாக்குவதைத்தான் பட்டறைகளில் பேசிங் என்கிறார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வண்டி கெட்டுப்போனதற்கு சந்தோஷப்படுற ஆள் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். நான் மெக்கானிக்கல் BE படிச்சுட்டு சாஃப்ட்வேருக்குப் போனவன். இருபது வருஷத்துக்கு மேல கீபோர்டைத் தட்டிக்கிட்டு இருந்தாலும், ஒரு என்ஜினுக்குள் கை வைத்து மைலேஜைக் கூட்டிப் பார்க்கணும்னு கல்லூரிக் காலத்திலிருந்தே ஆசை. ஹெட் எப்படியும் வெளியே வந்தாச்சு. மட்டமாக்க 0.15 மில்லிமீட்டர் சீவினால் போதும். அதையே ஒரு மில்லிமீட்டராகச் சீவினால் என்ன? கம்ப்ரஷன் கூடும், மைலேஜும் கூடும். பாடப்புத்தகத்திலேயே இருக்கு.

லேத் பட்டறைக்கு ஹெட்டை அனுப்ப மூன்று நாள் அவகாசம் இருந்தது. அந்த மூன்று நாளில் நான் படித்ததும் போட்டுப் பார்த்த கணக்கும்தான் இந்தப் பதிவு.

பெட்ரோல் எங்கே போகுது?

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போட்டால், நல்ல ஓட்டத்தில் அதில் சுமார் 25 முதல் 30 ரூபாய்தான் க்ராங்க் ஷாஃப்டைச் சுற்றும் வேலையாக மாறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி சூடாக சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விடுகிறது. டவுனுக்குள் நின்று நின்று போனால் கணக்கு இன்னும் மோசம்.

இந்த இழப்பைக் குறைக்க என்ஜினுக்குள் என்னென்ன செய்யலாம் என்று பார்த்தால், நூறு வருஷமாக மனிதர்கள் முயன்ற வழிகள் நாலே நாலுதான். ஒன்று, கம்ப்ரஷனைக் கூட்டுவது. இரண்டு, எரிதலை வேகமாக்குவது. மூன்று, காற்றை உறிஞ்ச என்ஜின் படும் பாட்டைக் குறைப்பது. நாலு, உராய்வைக் குறைப்பது. மார்க்கெட்டில் நீங்கள் கேள்விப்படும் எந்த உத்தியையும் இந்த நாலில் ஒன்றில் போடலாம். எதிலும் போட முடியலைன்னா கொஞ்சம் சந்தேகப்படுங்க.

முதல் வழி: கம்ப்ரஷன்

பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டரில் உள்ள இடத்தை, மேலே வந்த பிறகு மிஞ்சும் இடத்தால் வகுத்தால் கிடைப்பது கம்ப்ரஷன் ரேஷியோ. 9 என்றால், ஒன்பது பங்கு இடத்தில் இருந்த காற்றும் பெட்ரோலும் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கப்படுகிறது.

இது ஏன் மைலேஜைக் கூட்டணும்? கல்லூரியில் எனக்கு இது புரியவே இல்லை, சூத்திரத்தை மனப்பாடம் பண்ணித்தான் பாஸ் செய்தேன். இப்போது புரிந்த விதத்தில் சொல்கிறேன். எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே விரிகிறது. விரிய விரிய அதன் சூடு குறைகிறது. குறைந்த சூடுதான் வேலையாக மாறிய ஆற்றல். சின்ன இடத்தில் எரிந்து, அதைவிட ஒன்பது மடங்கு விரிவதைக் காட்டிலும் பத்து மடங்கு விரிந்தால், வெளியே போகும்போது வாயு இன்னும் கொஞ்சம் ஆறியிருக்கும். ஆக, நமக்கு லாபம் தருவது விரிவு. அமுக்குவது அந்த விரிவுக்கு நாம் கொடுக்கும் முன்பணம். இந்த வித்தியாசம் பின்னால் ரொம்ப முக்கியமாக வரப்போகிறது.

பாடப்புத்தகத்தின் லட்சிய என்ஜினுக்கு அந்தச் சூத்திரம் தரும் திறன் இப்படி:

ரேஷியோ 8 என்றால் 56.5 சதவீதம்
9 என்றால் 58.5
10 என்றால் 60.2
12 என்றால் 63.0
14 என்றால் 65.2

நிஜ என்ஜின் இதில் பாதியைத் தொட்டாலே பெரிது. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கிடைக்கும் விகிதம் ஓரளவு உண்மைக்குப் பக்கத்தில் வரும். 9இலிருந்து 10க்குப் போனால் லாபம் ஏறத்தாழ 3 சதவீதம்.

இப்போ அப்பாவின் காருக்கு வருவோம். மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 72 மில்லிமீட்டர். ஒரு சிலிண்டருக்கு 265 சிசி. ரேஷியோ 9 என்று கணக்கு வசதிக்காக வைத்துக்கொண்டால், பிஸ்டன் மேலே வந்த பிறகு மிஞ்சும் இடம் 33 சிசி. அதை 10 ஆக்க, மிஞ்சும் இடம் 29.5 சிசியாகக் குறையணும். அதாவது ஏறத்தாழ 3.7 சிசி குறைக்கணும். சிலிண்டரின் பரப்பளவை வைத்துப் பார்த்தால் சரியாக ஒரு மில்லிமீட்டர் சீவணும். எரியும் அறையின் வாய் சிலிண்டரைவிடக் குறுகலாக இருப்பதால், நிஜத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேலேயே சீவ வேண்டியிருக்கும்.

வழக்கமான பேசிங்கில் 0.1 மில்லிமீட்டர் சீவினால் ரேஷியோ 9இலிருந்து சுமார் 9.1 ஆகிறது. லாபம் 0.3 சதவீதம். "ஹெட் பேசிங் போட்டதும் வண்டி பிச்சுக்கிட்டுப் போகுது" என்று சொல்பவர்கள் உண்டு. அது சீவியதால் வந்த பலன் அல்ல, கசிந்துகொண்டிருந்த கேஸ்கெட்டும் வால்வும் சரியானதால் வந்த பலன்.

சரி, ஒரு மில்லிமீட்டர் சீவி 3 சதவீதம் வாங்கினால் பணக்கணக்கு என்ன? அப்பா வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் 375 லிட்டர். 3 சதவீதம் கூடினால் சுமார் 364 லிட்டர். மிச்சம் பத்து, பதினோரு லிட்டர், அதாவது ஆயிரம் ரூபாய் சொச்சம். ஒரு வருஷத்துக்கு.

இந்த ஆயிரம் ரூபாய்க்கு எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். இந்த என்ஜினில் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலே உட்கார்ந்திருக்கிறது, டைமிங் பெல்ட் அதைச் சுற்றுகிறது. ஹெட் ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கினால் கேமுக்கும் க்ராங்குக்கும் நடுவில் உள்ள தூரம் குறையும். கேம் புல்லியின் விட்டம் 11 சென்டிமீட்டர் என்று வைத்தால், கேம் ஒரு டிகிரி பின்தங்கும். க்ராங்க் கணக்கில் அது 2 டிகிரி. வால்வுகளும் பிஸ்டனுக்கு ஒரு மில்லிமீட்டர் நெருங்கி வரும். அடுத்த முறை என்ஜின் சூடாகி ஹெட் வளைந்தால், மறுபடி சீவ உலோகம் மிஞ்சாது. இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது ஒன்று இருக்கிறது.

நாக்கிங்

மேட்டில் டாப் கியரிலேயே ஏற்றும்போது என்ஜினிலிருந்து 'டிங் டிங்' என்று டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம் வருமே, அதுதான் நாக்கிங். ஸ்பார்க் பிளக்கில் தொடங்கிய தீ சீராகப் பரவி ஓரத்துக்கு வருவதற்கு முன்னால், ஓரத்தில் அமுங்கிக் கிடக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே பற்றிக்கொள்கிறது. சுத்தியலால் அடித்த மாதிரி அழுத்த அலைகள் கிளம்புகின்றன. தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் ஓரம் அரிக்கும், ரிங் உடையும். கம்ப்ரஷனைக் கூட்டினால் இந்த அபாயமும் கூடவே ஏறும்.

இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி இதைத் தீவிரமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர். எரிபொருளின் தன்மைதான் கம்ப்ரஷனுக்கு எல்லை போடுகிறது என்பது அந்தக் காலத்தில்தான் தெளிவாகியது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ் வேலை பார்த்த தாமஸ் மிட்க்லி, 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைத் துளி அளவு கலந்தாலே நாக்கிங் அடங்குவதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு கம்ப்ரஷன் ரேஷியோ படிப்படியாக ஏறியது. விலை என்னவென்றால், பல தலைமுறைகள் ஈயப்புகையைச் சுவாசித்தன. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில்தான் முற்றிலும் நின்றது. மைலேஜுக்கான ஒரு குறுக்குவழிக்கு, பெட்ரோல் பில்லில் வராத ஒரு செலவு இருந்திருக்கிறது.

இரண்டாவது வழி: தீயை வேகமாக்குவது

ஓரத்தில் இருக்கும் கலவை தானே பற்றிக்கொள்வதற்குள் தீ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் நாக்கிங் இல்லை. அதனால் தீயை வேகமாகப் பரவச் செய்தால், அதே பெட்ரோலிலேயே கூடுதல் கம்ப்ரஷன் தாங்கும். காற்று நின்ற இடத்தில் நெருப்பு மெதுவாகப் பரவும், காற்றடித்தால் வேகமாகப் பரவும். அடுப்பூதும் குழலின் தத்துவம்தான்.

ரிக்கார்டோ செய்ததும் இதுதான். 1919இல் காப்புரிமைக்குப் பதிந்த அவருடைய ஹெட் வடிவத்தில், ஒரு பகுதி பிஸ்டனை ஒட்டிவரும்படி தட்டையாக இருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது அந்தத் தட்டைப் பகுதியில் இருக்கும் கலவை பிதுக்கப்பட்டு, எரியும் அறைக்குள் பீய்ச்சியடித்துக்கொண்டு போகும். இதை ஸ்க்விஷ் என்கிறார்கள். இன்றைக்கு இருக்கும் பல என்ஜின்களில் இந்த யோசனை ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

இதைக் கடைசி எல்லைக்குக் கொண்டுபோனவர் சுவிட்சர்லாந்தின் மைக்கேல் மே. அவருடைய 'ஃபயர்பால்' ஹெட்டில் எரியும் அறையை எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கீழே சின்னதாக, ஆழமாக வைத்து, கலவை ஒரு சரிவான கால்வாய் வழியே சுழன்றுகொண்டு உள்ளே போகும்படி செய்தார். ஜாகுவார் கம்பெனி 1981இல் தன் V12 என்ஜினில் இதைப் போட்டு கம்ப்ரஷனை 12.5க்குக் கொண்டுபோனது. பெட்ரோலைக் குடிப்பதற்குப் பேர் போன ஒரு என்ஜின் அதனால் கொஞ்சம் சிக்கனமானது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. மைசூரைச் சேர்ந்த சோமேந்தர் சிங், ஹெட்டின் அந்தத் தட்டையான ஸ்க்விஷ் பகுதியில் எரியும் அறையை நோக்கிச் சின்னச் சின்னக் கால்வாய்கள் வெட்டினால் கொந்தளிப்பு கூடும் என்று சொன்னவர். 2001இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு உலகம் முழுக்கப் பல பேர் வீட்டு ஷெட்டில் அரத்தை வைத்துத் தங்கள் ஹெட்டில் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். நானும் அந்த வரிசையில் சேரத்தான் துடித்துக்கொண்டிருந்தேன்.

இதில் ரெண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கணும். காப்புரிமை என்பது ஒரு யோசனை புதியது என்பதற்கான சான்று. இத்தனை சதவீதம் மைலேஜ் கூடும் என்பதற்கான சான்று இல்லை. அதே சமயம், அந்த யோசனைக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் புரளியும் இல்லை. கொந்தளிப்பு தீயை வேகமாக்கும் என்பது ரிக்கார்டோ காலத்துப் பாடம். கேள்வி எல்லாம், வேகமான தீயை வைத்து மீதி என்ஜின் என்ன செய்யப்போகிறது என்பதுதான்.

என் தொழில் எனக்குக் கைகொடுத்த இடம்

3,000 RPMஇல் க்ராங்க் ஒரு சுற்று சுற்ற 20 மில்லிசெகண்ட். தீ பரவி முடிய 60 டிகிரி ஆகிறது என்று வைத்தால், அது 3.3 மில்லிசெகண்ட். பிஸ்டன் உச்சிக்கு வந்து 15 டிகிரி போல் இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் வேலை அதிகம் கிடைக்கும். அதற்காகத்தான் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே ஸ்பார்க் அடிக்கிறார்கள். எவ்வளவு முன்பு என்பது RPMஐயும் லோடையும் பொறுத்தது. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வண்டிகளில் கையால் திருப்பிச் சரிசெய்யலாம். அப்பாவின் வண்டி இன்ஜெக்‌ஷன் வண்டி. அதில் இந்த எண்கள் ECUக்குள் ஒரு அட்டவணையாக எழுதப்பட்டிருக்கின்றன.

நான் கால்வாய் வெட்டித் தீயை வேகமாக்கிவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். அட்டவணைக்கு அது தெரியாது. பழைய, மெதுவான தீக்கு ஏற்ற நேரத்தில்தான் ஸ்பார்க் அடிக்கும். தீ சீக்கிரம் முடிந்து, பிஸ்டன் இன்னும் மேலே வந்துகொண்டிருக்கும்போதே அழுத்தம் உச்சத்துக்குப் போகும். கஷ்டப்பட்டுச் சம்பாதித்ததை என்ஜின் தன்னையே எதிர்த்துத் தள்ளுவதில் செலவழிக்கும். ஒரு ஃபங்ஷனை வேகமாக மாற்றி எழுதிவிட்டு, அதைக் கூப்பிடும் புரோகிராமில் பழைய டைம்அவுட்டை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? அதே கதை.

பெட்ரோல் பக்கமும் இப்படித்தான். "கால்வாய் வெட்டினால் பெட்ரோலைக் குறைத்து ஓட்டலாம்" என்பார்கள். கார்பரேட்டர் காலத்தில் ஜெட்டை மாற்றிச் செய்யலாம். இப்போது எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. சீரான ஓட்டத்தில் அது 0.45 வோல்ட்டைச் சுற்றி மேலும் கீழும் ஆடிக்கொண்டே, ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற விகிதத்துக்கு ECUவை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த விகிதத்தில்தான் கேட்டலிடிக் கன்வர்ட்டர் மூன்று நச்சு வாயுக்களையும் ஒன்றாகச் சுத்தம் செய்யும். நான் ஹெட்டில் என்ன கோலம் போட்டாலும் சென்சார் மறுபடி அதே விகிதத்துக்குத்தான் கொண்டுவந்து நிறுத்தும். சென்சாரை ஏமாற்றினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் அப்படியே வெளியே போகும். வண்டியின் மூல அமைப்பிலிருந்து மாற்றுவது பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பேசுகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

1981இல் கெடிலாக் இதே பாடத்தைப் படித்தது. தேவையில்லாதபோது எட்டு சிலிண்டரில் ரெண்டையோ நாலையோ அணைத்துவைக்கும் V8-6-4 என்ஜினை அந்த வருஷம் கொண்டுவந்தார்கள். யோசனை அருமை. அந்தக் காலத்துக் கணினியின் வேகம்தான் அதற்குப் போதவில்லை. வண்டி திக்கித் திணறியது, சீக்கிரமே பெரும்பாலான மாடல்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே யோசனை இன்றைக்குப் பல பெரிய என்ஜின்களில் சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

மூன்றாவது வழி: மூச்சுத் திணறல்

அப்பாவின் காரின் எடை, காற்றுத்தடை, டயர் உராய்வு எல்லாம் உத்தேசமாகப் போட்டுப் பார்த்தேன். சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போக 4, 5 குதிரைத்திறன் போதும். என்ஜினோ அதைப்போல் ஏழெட்டு மடங்கு கொடுக்கக்கூடியது. மிச்சத்தை எப்படி அடக்குகிறோம்? த்ராட்டிலை மூடி, என்ஜினின் மூக்கைப் பொத்தி. பொத்திய மூக்கு வழியே காற்றை உறிஞ்சவே ஒவ்வொரு சுற்றிலும் பெட்ரோல் செலவாகிறது. டீசல் வண்டி மைலேஜ் கொடுப்பதற்கு ஒரு காரணம், அதில் இப்படி மூக்கைப் பொத்தி அடக்கும் வேலை இல்லை.

இதற்கு வந்த அழகான பதில் பழைய பதில். பிரிட்டனின் ஜேம்ஸ் அட்கின்சன் 1880களிலேயே, அமுக்கும் தூரம் குறைவாகவும் விரியும் தூரம் அதிகமாகவும் இருக்கும்படி சிக்கலான கம்பிக்கை அமைப்போடு ஒரு என்ஜின் செய்தார். மேலே சொன்னேனே, லாபம் விரிவில்தான் என்று? அதை அன்றே பிடித்துவிட்டார். டொயோட்டா 1997இல் பிரியஸில் இதே பலனை வால்வு நேரத்தை வைத்தே கொண்டுவந்தது. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வைத் திறந்தே வைத்து, உறிஞ்சியதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுவது. மூக்கைப் பொத்தும் தேவை குறைகிறது. அமுக்குவது குறைவாக இருப்பதால் நாக்கிங் இல்லை. விரிவு மட்டும் 13 மடங்கு அளவுக்குப் போகிறது. 2015இல் வந்த நாலாவது தலைமுறை பிரியஸ் என்ஜினுக்கு 40 சதவீதத் திறன் என்று டொயோட்டா அறிவித்தது.

அப்போ நாமும் கேமைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே? வைக்கலாம், ஆனால் வண்டி இழுக்காது. பிரியஸில் அந்தக் குறையை மின்மோட்டார் நிரப்புகிறது. அப்பாவின் காரில் நிரப்ப ஆளில்லை.

மாஸ்டா 2011 வாக்கில் ஸ்கைஆக்டிவ் என்ஜினில் 14 ரேஷியோவைத் தொட்டது. அதற்கு அவர்கள் ஹெட்டை மட்டும் சீவவில்லை. 2 லிட்டர் என்ஜினில் சூடான எரிந்த வாயு சிலிண்டரில் மிஞ்சாதபடி நீளமான எக்ஸாஸ்ட் குழாய்கள், பிஸ்டன் தலையில் ஒரு குழி, நேரடி இன்ஜெக்‌ஷன், அதற்கேற்ற மென்பொருள் என்று முழு என்ஜினையும் ஒன்றாக மாற்றினார்கள். நாலாவது வழியான உராய்வையும் விடவில்லை. ரிங்கின் இறுக்கத்தைக் குறைப்பது, நீர்த்த ஆயில், வால்வு லீவரில் ரோலர் என்று அரை சதவீதம், ஒரு சதவீதமாகச் சேர்த்ததுதான் அது.

அப்பாவின் நோட்டு

அப்பா பதினோரு வருஷமாக ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய் எல்லாம் ஒரு குயர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் நாள் இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றினேன். சராசரி 16க்குப் பக்கம். ஆனால் ஒவ்வொரு முறையும் 5 சதவீதம் போல மேலும் கீழும் ஆடுகிறது. பங்கில் நாஸில் எப்போது கட் ஆகிறது என்பதிலேயே ஒரு லிட்டர் வித்தியாசம் வரும். 25 லிட்டர் நிரப்பினால் அதுவே 4 சதவீதம்.

இப்படி ஆடும் எண்களுக்குள் 3 சதவீத லாபத்தை நம்பிக்கையோடு கண்டுபிடிக்க எத்தனை ஃபில் வேணும்? சாதாரணப் புள்ளியியல் கணக்குப்படி மாற்றத்துக்கு முன்னால் 22, பின்னால் 22. அப்பா வருஷத்துக்கு 15 முறை நிரப்புகிறார். அதாவது நான் செய்த மாற்றம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளவே ஒன்றரை வருஷம் ஆகும். "ஒரே ஃபில்லில் 20 சதவீதம் கூடிருச்சு" என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை, சீக்கிரம் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

நோட்டில் இன்னொன்று கண்ணில் பட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதத்திலிருந்து சராசரி 17இலிருந்து 15.5க்கு இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்தில் அப்பா "ஹீட் கம்ப்ளெய்ன்ட் சரி செய்தது" என்று எழுதியிருந்தார். மறுநாள் காலையில் மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் ஹெட்டிலிருந்து கழற்றி வைத்திருந்த கூடைத் திறந்து காட்டினார்.

"தெர்மோஸ்டாட்டே இல்லீங்களே சார். யாரோ எடுத்துப் போட்டுட்டாங்க."

வண்டி சூடாகிறது என்று போனால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது நம் ஊரில் பல பட்டறைகளில் பழக்கம். தண்ணீர் எப்போதும் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் சரியான சூட்டுக்கு வர ரொம்ப நேரம் ஆகும். சென்சார் 'என்ஜின் இன்னும் குளிர்ச்சி' என்று சொல்லும், ECU கூடுதல் பெட்ரோல் ஊற்றும். ஆயிலும் கெட்டியாகவே இருக்கும். அப்பாவின் ஓட்டம் பெரும்பாலும் நாலைந்து கிலோமீட்டர்தான். என்ஜினுக்குள் ஒருத்தர் ஏற்கெனவே கை வைத்திருக்கிறார், நாலு வருஷமாக அப்பா அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள்

இருந்தாலும் ஆசை விடவில்லை. "அண்ணா, ஒரு மில்லி சீவிரலாமா? கூடவே ரெண்டு கால்வாய்..." என்று இழுத்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "செய்யலாமுங்க சார். வண்டி யாரு ஓட்டுறது, அப்பாதானுங்களே?"

"ஆமாங்ணா."

"அப்பா மேட்டுலயும் டாப் கியரை மாத்த மாட்டாருங்க. பெட்ரோல் மிச்சம்னு சொல்லுவாரு. அடிச்சா அவருக்குக் கேக்குங்களா?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. அப்பாவுக்கு ரெண்டு வருஷமாகக் காது சரியாகக் கேட்பதில்லை. மிஷின் வாங்கிக் கொடுத்ததை வண்டி ஓட்டும்போது கழற்றி வைத்துவிடுவார், ஹார்ன் சத்தம் தலைவலி என்று. குறைந்த வேகம், டாப் கியர், முழு ஆக்சிலரேட்டர்: நாக்கிங் வருவதற்கு இதைவிடப் பொருத்தமான நிலைமை கிடையாது. 'டிங் டிங்' என்று என்ஜின் சொல்வதை அவர் கேட்கப்போவதில்லை. இந்த என்ஜினில் அதைக் கேட்டு ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும் நாக் சென்சாரும் இல்லை. மூன்று நாளாக நான் போட்ட எந்தக் கணக்கிலும் ஓட்டுகிறவர் இல்லை.

0.15 மில்லிமீட்டர் மட்டும் சீவினோம். வால்வு லேப்பிங், புது கேஸ்கெட், எல்லா ஹோஸும் புதுசு, டைமிங் பெல்ட், ஒரு தெர்மோஸ்டாட். அப்பா பில்லைப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, என்னமோ மைலேஜைக் கூட்டப்போறேன்னியே?" என்றார். தெர்மோஸ்டாட்டைக் காட்டி விளக்கினேன். சத்தமாகத்தான் விளக்க வேண்டியிருந்தது.

ஹெட்டைக் கழற்றும் நிலைமை உங்களுக்கு வந்தால், என் பரிந்துரை இதுதான். தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றுவதற்கு முன் சிலிண்டர் ஒவ்வொன்றின் கம்ப்ரஷனையும் கேஜில் அளக்கச் சொல்லி எழுதி வையுங்கள். எத்தனை சீவினார்கள் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா, டயரில் காற்று சரியா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ரிக்கார்டோவிடம் வாருங்கள். கால்வாய் வெட்டிப் பார்க்கும் ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. அதற்கு ஒரு பழைய கார்பரேட்டர் என்ஜினைத் தனியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதை நானே ஓட்டுவேன்.

வண்டி வந்த பிறகு நாலு முறை டேங்க் நிரப்பியாச்சு. நோட்டில் உள்ளபடி 16.4, 15.7, 16.9, 16.1. "கூடியிருக்கு பாரு" என்கிறார் அப்பா. இன்னும் 18 ஃபில் பாக்கி இருக்கு என்று சொல்லியிருக்கிறேன்.